நாலு விரக்கடை

எங்க ஸ்கூல் பொண்ணுங்க எனக்கு வெச்சிருக்கற பட்டப்பேரு ஆசிட். எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுக்கினு இருக்குதுங்க. நல்லாவே தெரியும். காஞ்சிபுரத்துல ஒரு பொண்ணுங்க ஸ்கூல்ல லேப் அசிஸ்டென்டா இத்தனை வருஷம் குப்பை கொட்டியாச்சு, ஒரு பீக்கரை உடைச்சவளைக்கூட நான் சும்மா விட்டதில்ல. கோவம் வந்தா எனக்கு எங்க வீட்டுத் தெலுங்கு வந்துடும். அது புரியாததால பொண்ணுங்க இன்னும் அதிகமா பயப்படும். பயப்படட்டும்னு விட்டுடுவேன். கண்ணாடியும் நெருப்பும் இருக்கற எடத்துல கொஞ்சம் பயம் இருக்கறது நல்லதுதான்.

அந்த ஆசிட்டே ஒரு நாள் வாயடைச்சு நின்னுச்சு. நான் பண்ண தப்புதான் அது. வேற யாராவது கண்ணு மூக்கு வெச்சு சொல்றதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன்.

ப்ளஸ் ஒன் அட்மிஷன் முடிஞ்சு ஒரு வாரம் இருக்கும். பிசிக்ஸ் சார் ஒரு பொண்ணைக் கையைப் பிடிச்சுக் கூட்டிக்கினு லேப்புக்கு வந்தாரு. ஒல்லியா, ரெட்டை ஜடை, கையில மடக்கற குச்சி. பொறந்ததுலேர்ந்தே பார்வை கிடையாதாம். ஏனாத்தூர் பக்கத்துலேர்ந்து ஷேர் ஆட்டோவுல வர்றா. அம்மா அங்க ஒரு காலேஜ் ஹாஸ்டல்ல சமையல், அப்பா வேன் ஓட்டறாரு. பத்தாவதுல அவ எடுத்திருந்த மார்க்குக்கு எந்த குரூப் கேட்டாலும் குடுக்கணும். அவ சயின்ஸ் குரூப் கேட்டுட்டா. அதுதான் எல்லாருக்கும் தலைவலியாப் போச்சு.

சாருக்கு போன் வந்து வெளியில போனாரு. அந்தப் பொண்ணு குச்சியை மடக்கிப் பையில போட்டுட்டு, மேஜை ஓரத்தைத் தடவிக்கினே நடக்க ஆரம்பிச்சா. தண்ணித் தொட்டி, கேஸ் குழாய், ஸ்டாண்டுன்னு ஒவ்வொண்ணா கை போவுது. அடுத்தது ஆசிட் பாட்டில்.

"தொடாதம்மா"ன்னு கத்தினேன்.

அவ கையை எடுக்கல. குரல் வந்த பக்கம் திரும்பி, "தொடாம எப்படிக்கா பாக்கறது?"ன்னு கேட்டா.

எதுத்துப் பேசல. நெஜமாவே தெரிஞ்சுக்கக் கேட்டா. போய் ஆசிட் பாட்டிலை எல்லாம் எடுத்து பீரோவுல வெச்சுப் பூட்டிட்டு வந்து, "சரி, இப்ப பாரு"ன்னேன். ரெண்டு பீரியட் பாத்தா. தராசுத் தட்டை ஆட்டிப் பாத்தா, காந்தத்தை ஒட்ட வெச்சுப் பிரிச்சா, இசைக்கவையை எடுத்து மேஜையில தட்டினா. இசைக்கவைன்னா ரெண்டு காலு வெச்ச இரும்புக் கவட்டை, தட்டினா ஒரே சுருதியில பாடும். அதைக் காதுகிட்ட வெச்சுக்கினு சத்தம் அடங்கற வரைக்கும் நின்னா. அப்புறம் அடுத்ததைத் தட்டினா. பெட்டியில இருந்த எல்லாத்தையும் தட்டிக் கேட்டுட்டுதான் போனா.

இந்த மாதிரி பசங்களுக்கு பிராக்டிகல்லேர்ந்து விலக்கு உண்டு. அப்பா அம்மா கையெழுத்துப் போட்டு ஒரு ஃபாரம் குடுத்தாப் போதும், செய்முறைத் தேர்வுக்கு வர வேணாம். எச்.எம். அம்மா நல்லவங்க. அவங்களே ஃபாரத்தை எடுத்து வெச்சுக்கினு, "எதுக்கும்மா உனக்குக் கஷ்டம்? நெருப்பு, ஆசிட்டுன்னு இருக்குது. மத்த பொண்ணுங்க லேப்புக்குப் போறப்ப நீ கிளாஸ்ல ஒக்காந்து படிச்சுக்கோ"ன்னாங்க.

நான் ஒரு கையெழுத்துக்காக அங்க நின்னுக்கினு இருந்தேன். அந்தப் பொண்ணு சொன்னா:

"மிஸ், ஒண்ணாவதுலேர்ந்து பீ.டி. பீரியட்ல நான் பை பாத்துக்கினு ஒக்காருவேன். டூர் போனா பஸ்ஸுல பை பாத்துக்குவேன். ஸ்போர்ட்ஸ் டேன்னாலும் பைதான். இந்த ரெண்டு வருஷமும் அதேதானா மிஸ்?"

அழுதிருந்தாக்கூட எச்.எம். சமாதானம் சொல்லி அனுப்பியிருப்பாங்க. அவ அழல. மஞ்சத்தண்ணி தெளிச்ச ஆடு மாதிரி தலையாட்டற பொண்ணுங்களையே பாத்துப் பழகினவங்க பிசிக்ஸ் சாரைக் கூப்பிட்டுவிட்டாங்க. கடைசியில ஒரு முடிவுக்கு வந்தாங்க. அரைப் பரீட்சைக்கு முன்னாடி ஒரு சோதனையை அவளே தனியா, யார் ஒத்தாசையும் இல்லாம செஞ்சு காட்டணும். விடை சரியா வந்தா பிராக்டிகல்ல சேத்துக்கச் சொல்லி எழுதுவாங்க. வரலைன்னா ஃபாரத்துல கையெழுத்து. பரிதாபப்பட்டு மார்க் போட்டாங்கன்னு நாளைக்கு யாரும் சொல்லக்கூடாது, அவ்ளோதான்னாங்க. அவ சரின்னுட்டா.

"சாமான் எல்லாம் நீங்க பாத்துக்கங்க"ன்னு சார் என் தலையில கட்டிட்டாரு.

ஸ்கூலுக்கு ஏற்கெனவே ஒரு பெட்டி வந்திருந்துச்சு, மாற்றுத்திறனாளிப் பசங்களுக்கான அறிவியல் உபகரணம்னு மேல எழுதி. கெட்டுப் போயிடும்னு ஆபீஸ் பீரோவுல பூட்டியே வெச்சிருந்தாங்க. சாவியை வாங்கறதுக்கே நான் மூணு நாள் சண்டை போட வேண்டியதாப் போச்சு. தொறந்து பாத்தா பிளாஸ்டிக் வாழைப்பழம், பிளாஸ்டிக் ஆப்பிள், ஒரு யானை. ஒண்ணாங்கிளாஸ் பசங்களுக்கானது. அவ யானையை எடுத்துத் தடவிட்டு, "அக்கா, இது யானைதான? தும்பிக்கை ஒடஞ்சிருக்குது"ன்னா. எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் ஒண்ணா வந்துச்சு. பதினாறு வயசுப் பொண்ணு காத்துல சத்தத்தோட வேகம் கண்டுபிடிக்கணும்னு நிக்கறா, நாம யானையைக் குடுக்கறோம்.

அதனால நாங்களே செய்ய ஆரம்பிச்சோம். ஊசி போடற சிரிஞ்சோட தண்டுல ஒவ்வொரு எம்.எல்.லுக்கும் பிளேடால ஒரு வெட்டு வெட்டினேன், வெளியில இழுக்கும்போது நகத்தால எண்ணினா தண்ணி எவ்ளோன்னு தெரிஞ்சுடும். மின்சாரச் சோதனையில பல்பு எரியறதுக்குப் பதிலா, ரிவர்ஸ் எடுக்கறப்ப வண்டியில கத்துமே, அந்த பஸ்ஸரை அவ அப்பா வேன் மெக்கானிக் கிட்டேர்ந்து வாங்கியாந்தாரு. முதல் நாள் அது கத்தின கத்துல பக்கத்து கிளாஸ் மிஸ் என்னமோ ஏதோன்னு ஓடியாந்தாங்க. மத்த பொண்ணுங்களும் பல்பை விட்டுட்டு பஸ்ஸர் கேக்க ஆரம்பிச்சிடுச்சுங்க.

செஞ்சு காட்டறதுக்கு எடுத்த சோதனை காத்துத்தம்பம். அவளே தேர்ந்தெடுத்தா, காதால செய்யறதாச்சே. உயரமான ஜாடி நெறைய தண்ணி. அதுக்குள்ள ரெண்டு பக்கமும் தொறந்த ஒரு குழாய், ஸ்டாண்டுல மாட்டியிருக்கும். இசைக்கவையை ரப்பர்ல தட்டி, குழாய் வாய்க்கு மேல பிடிச்சுக்கினு, குழாயை மெதுவா மேல தூக்கணும். ஒரு எடம் வந்ததும் சத்தம் குப்புன்னு பெருசாக் கேக்கும். தண்ணிக்கு மேல குழாய் எவ்ளோ நிக்குதுன்னு அளக்கணும். இன்னும் தூக்கினா இன்னொரு எடத்துல மறுபடியும் பெருசாகும், அதையும் அளக்கணும். ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வெச்சு சத்தம் ஒரு செகண்டுல எத்தனை மீட்டர் ஓடுதுன்னு கணக்குப் போட்டுடலாம். எங்க ஊரு வெயிலுக்கு முந்நூத்து நாப்பத்தெட்டுக்குப் பக்கத்துல வரணும்.

ஜாடியைத் தளும்பத் தளும்ப ரொப்பிட்டா, விரலை வெச்சாலே தண்ணி மட்டம் தெரிஞ்சுடும். காது அவளுது. பாக்கி இருக்கறது அளவுகோல். தடவிப் படிக்கற மாதிரி ஒரு மீட்டர் ஸ்கேல் வேணும்.

இதுல எனக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லன்னு நெனச்சேன். நான் தறிக்காரங்க வீட்டுப் பொண்ணு. ஏழு வயசுல, தறியில நீளவாக்குல ஓடற பாவு இழை பிணைக்க ஒக்கார வெச்சிட்டாங்க. இப்பவும் என் அண்ணன் வீட்டுல ரெண்டு தறி ஓடுது. அங்க போய் மீந்த பட்டு நூல் வாங்கியாந்து, முறுக்கி, கஞ்சித்தண்ணி தொட்டு, ரெண்டு ஆணிக்கு நடுவுல விண்ணுன்னு இழுத்துக் கட்டினேன். கீழ லேப்போட மர ஸ்கேலை வெச்சு, ஒவ்வொரு சென்டிமீட்டர்லயும் துண்டு நூலால ஒரு முடிச்சு. அஞ்சுக்கு ரெண்டு முடிச்சு. பத்துக்கு ஒரு மணி. நூறு முடிச்சு போட ஒரு ஞாயித்துக்கிழமை முழுசாப் போச்சு. முடிச்சு ஒவ்வொண்ணும் கடுகாட்டம் உருண்டையா நின்னுச்சு. எனக்கே என் கையை எடுத்துக் கண்ணுல ஒத்திக்கலாம் போல இருந்துச்சு.

ஆசாரிகிட்ட சரியா ஒரு மீட்டர் நீளத்துல ஒரு மரச்சட்டம் வாங்கியிருந்தேன். ஆணியிலேர்ந்து நூலைக் கழட்டி, பசை தடவி, ஒரு முனையிலேர்ந்து ஒட்டிக்கினே வந்தேன். நூறாவது முடிச்சு ஒட்டினதுக்கு அப்புறமும் சட்டம் நாலு விரலை ஒட்டி வெச்ச அகலத்துக்கு, நாலு விரக்கடை மீதி நின்னுச்சு. பாத்ததும் எனக்கு வந்துச்சே கோவம். போனைப் போட்டு, "ஒரு மீட்டர் அளக்கத் தெரியாதவன் எல்லாம் எதுக்குய்யா ரம்பம் பிடிக்கற?"ன்னு ஆசாரியை வாங்கு வாங்குன்னு வாங்கிட்டேன். அந்த மனுஷன், "டேப் வெச்சு அளந்துதான்மா குடுத்தேன்"னு ரெண்டு தடவை சொன்னாரு. நான் எங்க கேட்டேன்? போனை வெச்சுட்டு, மீந்த கட்டையை அறுத்துக் குப்பையில போட்டுட்டேன்.

அந்தப் பொண்ணுக்கு ஸ்கேலைக் குடுத்ததும் இந்தக் கோடியிலேர்ந்து அந்தக் கோடி வரைக்கும் தடவினா. "சூப்பரா இருக்குதுக்கா"ன்னா. பத்து நாள் மதியச் சாப்பாட்டு வேளையில வந்து பழகினா. க்ளாம்ப் திருகறது, கவையைத் தட்டறது, தண்ணியில விரல் வெக்கறது, முடிச்சு எண்ணறது. விடை கணக்குப் போட வேணாம், முதல்ல கை பழகட்டும்னு நான்தான் சொல்லி வெச்சேன். அது நான் பண்ண ரெண்டாவது தப்பு.

வெள்ளிக்கிழமை மூணாவது பீரியட். எச்.எம்., பிசிக்ஸ் சார், நான், அவ. நாலே பேரு. மூணு இசைக்கவை வெச்சிருந்தோம். முதல் கவையைத் தட்டி, ரெண்டு எடத்தையும் பிடிச்சு, அளந்து சொன்னா. சார் எழுதிக்கினாரு. மனக்கணக்காவே விடையும் சொன்னா: "முந்நூத்து எழுபத்தி நாலு."

சார் பேனாவை நிறுத்தினாரு. நாப்பத்தெட்டு எங்க, எழுபத்தி நாலு எங்க. ரெண்டாவது கவை. எழுபத்தஞ்சு. மூணாவது கவைக்கு ரெண்டாவது எடத்தைத் தேடறப்ப என்னால தாங்க முடியல. பக்கத்துல போய், "இன்னும் கொஞ்சம் கீழ பாரும்மா"ன்னு முணுமுணுத்துட்டேன்.

அவ சத்தமாவே, "இல்லக்கா, இங்கதான் கேக்குது"ன்னா.

எச்.எம். என்னை ஒரு பார்வை பாத்தாங்க. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கினேன். மூணாவது விடை முந்நூத்து எழுபத்தி மூணு.

எங்க பொண்ணுங்க யாருக்கும் இந்த மாதிரி வராது. ஏன்னா முதல்லயே, "அக்கா, விடை எவ்ளோ வரணும்?"னு கேட்டு வாங்கிக்கினு, அதுலேர்ந்து பின்னாடியே வந்து அளவை எழுதிடும். எனக்கும் தெரியும், சாருக்கும் தெரியும். புத்தகத்துல என்ன போட்டிருக்குதுன்னு இந்தப் பொண்ணுக்கும் நல்லாவே தெரியும். ஆனாலும் காதுல கேட்டதைத்தான் சொன்னா.

சார் எழுந்து அவ தலையில கை வெச்சு, "பரவால்லம்மா. பாவம், பார்வை இல்லாம நீ இவ்ளோ செஞ்சதே பெருசு"ன்னாரு. நெஜமான பிரியத்தோடதான் சொன்னாரு. அவ மூஞ்சி அப்படியே சுண்டிப் போச்சு. எச்.எம். ஃபாரத்தை அவ கையில குடுத்து, "திங்கக்கிழமை அப்பாகிட்ட கையெழுத்து வாங்கியாந்துடும்மா"ன்னாங்க. அவ அதை நாலா மடிச்சுப் பையோட முன் ஜிப்புல வெச்சுக்கினா.

இதைச் சொல்ல வெக்கமா இருக்குது. எனக்கும் மனசுக்குள்ள அப்ப அதே வார்த்தைதான் வந்துச்சு. பாவம்னு. முடிச்சைத் தப்பா எண்ணியிருப்பா, என்ன இருந்தாலும் கண்ணு இல்லியேன்னு. என் ஸ்கேலு பக்கம் எனக்குச் சந்தேகமே போகல.

போறப்ப, "அக்கா, இந்த ஸ்கேலை வீட்டுக்கு எடுத்துக்கினு போய் திங்கக்கிழமை தரட்டா?"ன்னு கேட்டா. ஞாபகத்துக்குக் கேக்கறான்னு நெனச்சுக்கினு, "வெச்சுக்கோம்மா"ன்னேன்.

திங்கக்கிழமை முகூர்த்த நாள். பட்டுப் புடவை எடுக்க வந்த வண்டியெல்லாம் தெருவை அடைச்சுக்கினு நின்னுதுங்க. நானே லேட்டாத்தான் போனேன். அவ எனக்கு முன்னாடி வந்து லேப் வாசல்ல ஒக்காந்துக்கினு இருந்தா, மடியில பை, பை மேல ஸ்கேலு.

"அக்கா, ஒண்ணு சொன்னா திட்ட மாட்டீங்களே?"

"அது நீ சொல்றதைப் பொறுத்து."

"தெலுங்குல மட்டும் திட்டாதீங்கக்கா, எனக்குப் புரியாது."

சிரிச்சுட்டேன். அவ சிரிக்கல. சொல்ல ஆரம்பிச்சா.

"மூணு கவைக்கும் ஒரே மாதிரி அதிகமா வந்துச்சுக்கா. எனக்குக் காது தப்புன்னா ஒண்ணு கூட வரும், ஒண்ணு கொறயும். எல்லாம் ஒரே பக்கமா, ஒரே அளவுக்குத் தப்பாதுல்ல? அதான் சனிக்கிழமை அம்மா கூட ஜாக்கெட் துணிக் கடைக்குப் போனேன். அங்க துணி அளக்கற மீட்டர் கம்பி இருக்கும்ல, முத்திரை குத்தினது. அதைக் குடுங்கண்ணேன்னு கேட்டு வாங்கி, இதைப் பக்கத்துல வெச்சுப் பாத்தேன். நாலு விரக்கடை கொறயுதுக்கா."

சுர்ருனு ஏறிச்சு எனக்கு. "என் கை அளவு தப்புங்கறியா? ஏழு வயசுலேர்ந்து நூல் பிடிச்ச கை இது. கடைக்காரன் கம்பி வளஞ்சிருக்கும்"னு கத்தினேன். பாதி தெலுங்கு வந்துடுச்சு. அவ தலையைக் குனிஞ்சுக்கினா, ஆனா வெச்ச எடத்துலேர்ந்து ஸ்கேலை எடுக்கல.

லேப்பைத் தொறந்து, மர ஸ்கேலை எடுத்து, ரெண்டையும் மேஜையில பக்கத்துல பக்கத்துல வெச்சேன். என் நூறாவது முடிச்சு மர ஸ்கேலோட தொண்ணூத்து மூணுல நின்னுச்சு.

அப்படியே ஸ்டூல்ல ஒக்காந்துட்டேன். பாவு நூலை இழுத்துப் பிடிக்காம எங்க கைக்குப் பிடிக்கத் தெரியாது. தறியில அது சரி, அங்க நூல் கடைசி வரைக்கும் விறைப்பாவே இருக்கும். இங்க நான் விண்ணுன்னு இழுத்து வெச்சு முடிச்சுப் போட்டுட்டு, ஆணியிலேர்ந்து கழட்டினதும் பட்டு சுருங்கிடுச்சு. பசை ஈரம் பட்டு இன்னும் சுருங்கிடுச்சு. ஒவ்வொரு முடிச்சும் பக்கத்து முடிச்சுகிட்ட கொஞ்சம் கொஞ்சம் நெருங்கிட்டு, மொத்தத்துல நாலு விரக்கடை. ஆசாரி சரியாத்தான் குடுத்திருந்தாரு. உண்மையைச் சொன்ன கட்டையை நான் அறுத்துக் குப்பையில போட்டுட்டேன். தறி வீட்டுல பொறக்காத யாராவது இந்த ஸ்கேலைச் செஞ்சிருந்தா இந்தத் தப்பு வந்திருக்காது.

"அக்கா, திட்டுங்கக்கா. பேசாம இருந்தா பயமா இருக்குது"ன்னா அவ.

"ஃபாரத்துல உங்க அப்பா கையெழுத்துப் போட்டுட்டாரா?"

"போட்டுட்டாரு. பையில இருக்குது. குடுக்கறதா வேணாமான்னு தெரியல."

"குடுக்காத. வா எங்கூட."

எச்.எம். ரூம் வரைக்கும் நடந்தது எத்தனை அடி இருக்கும், ஒரு அம்பது. பாதியில நின்னுட்டேன். நானாவே எதுவும் சொல்லாம, புதுசா ஒரு ஸ்கேலு செஞ்சு, இன்னொரு தடவை பாருங்கன்னு கேட்டிருக்கலாம். கேட்டாக் குடுத்திருப்பாங்க. ஆனா அப்படிக் கேட்டா, முதல் தடவை தோத்தது அவ கணக்குலதான் நிக்கும். அதை நெனச்சதும் மேல நடந்தேன்.

பிசிக்ஸ் சாரும் அங்கதான் இருந்தாரு. ஸ்கேலை மேஜை மேல வெச்சு எல்லாத்தையும் சொன்னேன். ஆணியில இழுத்துக் கட்டினது, கட்டையை அறுத்தது, ஆசாரியைத் திட்டினது, ஒண்ணும் விடல. "இந்தப் பொண்ணு மேல தப்பில்லம்மா. என் ஸ்கேலுதான் பொய்"ன்னேன். சொல்லி முடிக்கறதுக்குள்ள எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. ஆசிட் அழுவறதை அந்த ரூம்ல யாரும் பாத்ததில்ல.

சார் வெள்ளிக்கிழமை எழுதின தாளை எடுத்து, தொண்ணூத்து மூணை வெச்சுத் திருத்திப் போட ஆரம்பிச்சாரு. அவர் முதல் வரியை முடிக்கறதுக்குள்ள அவ, "முந்நூத்து நாப்பத்தெட்டு, நாப்பத்தொம்போது, நாப்பத்தேழு சார். நான் ஞாயித்துக்கிழமையே போட்டுப் பாத்துட்டேன்"ன்னா.

சார் போட்டு முடிச்சு, கண்ணாடியைக் கழட்டிட்டு, "அன்னைக்குப் பாவம்னு சொன்னேம்மா. அது தப்பு. இந்த கிளாஸ்ல ஒழுங்கா அளந்தது நீ ஒருத்திதான்"ன்னாரு. சுண்டிப் போன அவ மூஞ்சி பழையபடி ஆச்சு.

எச்.எம். மட்டும் எறங்கி வரல. "தாள்ல திருத்தினது போதாது. சரியான ஸ்கேலு வெச்சு மறுபடியும் செய்யட்டும். அப்பதான் நான் எழுத முடியும்." என் பக்கம் திரும்பினாங்க. "நீங்க அன்னைக்கு ரூம்ல இருக்கக்கூடாது. முணுமுணுக்கறீங்க."

அன்னைக்குச் சாயங்காலமே ஆசாரி பட்டறைக்கு நேர்ல போனேன். மன்னிச்சுக்கங்கன்னு சொன்னேன். அந்த மனுஷன் காதுல வாங்காத மாதிரி, "என்ன வேணும்மா?"ன்னு கேட்டாரு. நூல் கிட்டயே போகல. லேப்போட மர ஸ்கேல்லயே சென்டிமீட்டருக்கு ஒரு சின்ன ஆணி, அஞ்சுக்கு ரெண்டு, பத்துக்கு மூணு, விரலைக் குத்தாம தலையை ராவிக் குடுத்தாரு. அவ அதைத் துணிக்கடைக்கு எடுத்துக்கினு போய்க் கம்பியோட வெச்சுப் பாத்துட்டுதான் ஏத்துக்கினா. இந்தத் தடவை நான் கோவிச்சுக்கல.

வியாழக்கிழமை. எச்.எம்மும் சாரும் உள்ள போனாங்க. அவ வாசல்லயே நின்னா. குச்சியை மடக்கிப் பையில போட்டா. பையை எங்க வெக்கறதுன்னு கையால துழாவினா. "குடு"ன்னு வாங்கிக்கினேன். கதவு சாத்திட்டாங்க.

வராந்தாவுல பெஞ்சுல ஒக்காந்தேன். பையைக் கீழ வெக்க மனசு வரல, மடியில வெச்சுக்கினேன். முன் ஜிப்புல அந்த ஃபாரம், அப்பா கையெழுத்தோட, அப்படியே இருக்குதுன்னு எனக்குத் தெரியும். எடுத்துக் கிழிச்சுப் போடலாமான்னு கை பரபரத்துச்சு. கிழிக்க வேண்டியவ உள்ள இருக்கறா.

ஜன்னல் வழியா முதல் கவை கேட்டுச்சு. சன்னமா ஆரம்பிச்சு, குப்புன்னு பெருசாச்சு. நின்னுச்சு. முடிச்சு எண்ணறாளா, இல்ல, இப்ப ஆணி, ஆணி எண்ணறாளான்னு நானும் கூடவே எண்ணினேன். மறுபடியும் தட்டினா. கிரவுண்டுல பீ.டி. பீரியட் பொண்ணுங்க கூச்சல் போட்டுக்கினு ஓடிக்கினு இருந்துச்சுங்க. என் வாழ்க்கையில நான் யாரையும் வாயை மூடுங்கன்னு சொல்லாம விட்டது அன்னைக்குத்தான். எழுந்து போனா எங்க ஒரு சத்தத்தை விட்டுடுவேனோன்னு இருந்துச்சு. ரெண்டாவது கவை. மூணாவது. அப்புறம் ரொம்ப நேரம் ஒண்ணும் கேக்கல. பையோட வாரைக் கையில சுத்திக்கினு ஒக்காந்திருந்தேன், கை செவந்து போச்சு. உள்ள என்ன நடக்குதுன்னு தெரியாம ஒருத்தி வெளியில பையோட ஒக்காந்திருந்தா எப்படி இருக்கும்னு, பத்து வருஷமா அவ ஒக்காந்ததுல ஒரு பீரியட் நான் ஒக்காந்து பாத்தேன்.

கதவு தொறந்துச்சு. முதல்ல எச்.எம். வந்தாங்க. என்னைத் தாண்டிப் போறப்ப, "லெட்டர் டைப் பண்ணச் சொல்லணும்"னு மட்டும் சொல்லிட்டுப் போனாங்க. பின்னாடி அவ, சுவரைப் பிடிச்சுக்கினு வந்தா. கையெல்லாம் ஈரம், பாவாடை முன்பக்கம் நனஞ்சிருந்துச்சு.

"எவ்ளோ வந்துச்சும்மா?"

"நாப்பத்தாறு, நாப்பத்தெட்டு, அம்பது." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கினா. "அக்கா, என் பை எங்க?"

எடுத்துக் கையில குடுத்தேன். முன் ஜிப்பைத் தொறந்து, அந்த ஃபாரத்தை எடுத்து, ரெண்டாக் கிழிச்சு, நாலாக் கிழிச்சு, என் கையில வெச்சா. அப்புறம் பையைத் தூக்கிப் பாத்துட்டு, "சூடா இருக்குது. வெயில்லயா வெச்சிருந்தீங்க?"ன்னு கேட்டா.

"இல்லம்மா. என் மடியிலதான் இருந்துச்சு. நான்தான் பாத்துக்கினு இருந்தேன்."